புள்ளிக்குப் பின்னால் ஒரு பிழை

சிஸ்டர் அழுதுகொண்டு வரவில்லை. சக்கரத்துக்கு அதுவே பிடித்துப்போயிற்று. ஆஸ்பத்திரியின் ஆவண அறையைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் படி இறங்கும்போதே மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிடுவார்கள். இவள் நேராக வந்து, கோப்புகள் குவிந்திருந்த மேஜையில் ஒரு கடிதத்தைப் பட்டென்று வைத்தாள்.

"இதுல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. மூணு மணிக்கு விசாரணை. நான் போட மாட்டேன். ஏன் போடத் தேவையில்லன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"உக்காருங்க சிஸ்டர்," என்றான் சக்கரம். "நாற்காலி இல்ல. அந்த எலும்பு முறிவுக் கோப்புக் கட்டு மேல உக்காருங்க. இருக்கிறதுலயே உறுதியான கட்டு அதுதான்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த தசமமும் சிரிக்கவில்லை. அவள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

தசமம் என்பது அவளுடைய பெயரில்லை. டாக்டர்கள் எழுதும் ஒவ்வொரு நோய்க்கும் குறியீட்டுப் புத்தகத்தில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் போடுவதுதான் அவள் வேலை. எண்ணில் ஒரு புள்ளி வரும். புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களுக்காக அவள் பெரிய டாக்டர்களோடும் மல்லுக்கு நிற்பாள் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. காணாமல்போன எக்ஸ்ரே, ஆள் மாறிய ரத்தப் பரிசோதனை, ஒரே ஆளுக்கு இரண்டு மரணச் சான்றிதழ் என்று ஆறு வருடத்தில் பதினேழு மர்மங்களைக் காகிதத்தைப் பார்த்தே அவிழ்த்தவள். சக்கரம் அவளுடைய கணவனின் தம்பி. ஆம்புலன்ஸ் ஓட்டியவன். முழங்கால் போனபிறகு, கோப்பு வண்டி தள்ளுகிறான். வாய் மட்டும் இன்னும் சைரன் போட்டுக்கொண்டுதான் ஓடும்.

"தம்பி, சத்தமாப் படி," என்று தசமம் கடிதத்தை நீட்டினாள்.

சக்கரம் தொண்டையைச் செருமினான். "'தடுப்பூசி முகாமில் தையல்காரர் ஒருவருக்குக் காலை 10.14க்குத் தடுப்பூசி போட்ட நான், கவனக்குறைவால் அதே தடுப்பூசியை 10.22க்கு மீண்டும் தொடையில் போட்டுவிட்டேன். அதனால் அவர் உயிருக்கு ஆபத்து நேர்ந்தது. இது முழுக்க என் தவறு.' அண்ணி, குற்றத்த அவங்களே எழுதிட்டாங்க. நம்ம சிஸ்டருக்கு மிச்சம் வெச்சது கையெழுத்து மட்டும்தான்."

"போட்டா?" என்று தசமம் சிஸ்டரைக் கேட்டாள்.

"இனிமே வாழ்க்கையில ஊசியத் தொட முடியாது. பத்தொன்பது வருஷம் தொட்டிருக்கேன்." சிஸ்டரின் குரல் ஒரு தரம் உடைந்து, உடனே நிமிர்ந்துகொண்டது. "நான் போட்டது ஒரே தடுப்பூசி. கொஞ்ச நேரத்துல அந்த ஆளுக்கு உதடு வீங்கிடுச்சு. மூச்சு இழுக்குது, குரல் அடைக்குது. மருந்து உடம்புக்கு ஒத்துக்கலன்னு பாத்ததும் தெரிஞ்சுது. அவசரப் பெட்டியத் திறந்து தொடையில அட்ரினலின் போட்டேன். அதுக்குள்ள டாக்டர் வந்துட்டார். ஆக்சிஜன் வெச்சார், சுவர்க் கடிகாரத்தப் பாத்து கேஸ் ஷீட்ல ஏதோ எழுதினார். எனக்கு மணி பாக்கவா நேரம்?"

"அந்த டாக்டர் எங்க?"

"அன்னிக்கு ஒரு நாள் முகாமுக்கு வந்தவர். இப்ப கப்பல்ல வேலை. பதினோரு நாளா போன் போகல. கேஸ் ஷீட்டு, அவசரப் பெட்டிப் பதிவேடு எல்லாத்தையும் முத்திரை சார் பூட்டி வெச்சிருக்கார்."

முத்திரை, ஆஸ்பத்திரி நிர்வாகி. ரப்பர் முத்திரைகளை வரிசையாக அடுக்கி வைத்து, ஈரத்துணியால் தினமும் துடைக்கிற மனிதர்.

"நீங்க சொன்னத அவர் நம்பலயா?"

"கம்ப்யூட்டர் சொல்றத நம்புறாராம். அதுல 'அவசரமாகப் போட்ட ஊசியால் பிழை'ன்னு இருக்காம். குறியீட்டோட கடைசி இலக்கம் ஒண்ணாம்."

தசமத்தின் பேனா நின்றது.

"அண்ணி, எனக்கும் சேத்துச் சொல்லுங்க," என்றான் சக்கரம். "ஒண்ணுன்னா அவ்வளவு கெட்டதா? பள்ளிக்கூடத்துல நான் ஒரு தரமாவது வாங்கணும்னு ஏங்கின நம்பர்."

"தடுப்பூசியால உடம்பு கெட்டுப்போச்சுன்னா முன்னாடி வர்ற எண் எல்லாம் ஒரே மாதிரிதான். கடைசி இலக்கத்துலதான் கதை இருக்கு. சரியான மருந்த, சரியான அளவுல போட்டும் உடம்பு ஏத்துக்கலன்னா அஞ்சு. தப்பான மருந்து, இல்ல தப்பான அளவுன்னா ஒண்ணு. அஞ்சுன்னா யார் மேலயும் குத்தம் இல்ல. ஒண்ணுன்னா குத்தவாளி ஒருத்தர் வேணும்."

"ஒரே ஒரு இலக்கத்துல சிஸ்டர் உள்ள போயிடுவாங்க."

"அந்த நாள் பட்டியல மெஷின்ல பிரிண்ட் போடு. நாம தையல்காரரப் பாத்துட்டு வந்துடலாம்."

"நம்ம மெஷின்லயா? நாம அவருகிட்ட ஒரு சட்டை தெச்சு வாங்கிட்டே வந்துடலாம்," என்று சொல்லிக்கொண்டே சக்கரம் பொத்தானை அழுத்தினான்.

தையல் கடை இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. தையல்காரர் தலையைத் தூக்காமலே மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைக் கேட்டதும் கால் நின்றது.

"ரெண்டு ஊசி குத்தினாங்க சார். தோள்ல ஒண்ணு, தொடையில ஒண்ணு. என் சம்சாரம் ரெண்டு தடத்தையும் கண்ணால பாத்தா. ஒருத்தனுக்கு ரெண்டு தரம் அளவெடுத்தா பரவாயில்ல. ரெண்டு தரம் குத்தலாமா?"

"கூடாதுதான்," என்றாள் தசமம். "முதல் ஊசி போட்ட உடனே தலை சுத்திச்சா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருந்தேன். காத்திருக்கச் சொன்ன நாற்காலியில உக்காந்து, பக்கத்து ஆளோட காலர் கோணலா இருக்குன்னு பாத்துக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரத்துல உள்ளங்கை அரிச்சுது. அப்புறம் கழுத்து, முதுகெல்லாம் தடிப்புத் தடிப்பா வந்துச்சு. உதடு என்னோடதே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. பேச வாயத் திறந்தா காத்து மட்டும்தான் வருது."

தசமம் சக்கரத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவனுக்கு அர்த்தம் தெரியும். ஆம்புலன்ஸில் அவனும் பார்த்திருக்கிறான். பயத்தில் மயங்குகிறவன் ஊசி குத்தினதுமே வெளிறி, வேர்த்து விழுவான். காலைத் தூக்கிப் படுக்க வைத்தால் எழுந்துவிடுவான். அரிப்பும் தடிப்பும் மூச்சடைப்பும் சேர்ந்து வந்தால் அது பயமில்லை. அதற்கு ஒரே மருந்துதான், அதுவும் உடனே.

"மணி என்ன இருக்கும்னு ஞாபகம் இருக்கா?"

"பக்கத்துல இருந்த ஆளே தெரியல. மணி எங்க தெரியும்?"

"அன்னிக்குப் போட்டிருந்த பேண்ட் இருக்கா?"

தையல்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கொக்கியில் தொங்கிய சாம்பல் நிறப் பேண்டை எடுத்து விரித்தார். வலது தொடையின் வெளிப்பக்கம், நடுவில், சாக்பீஸால் ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் கடுகளவு பழுப்புக் கறை.

"கறையப் பாத்தா வட்டம் போட்டுடுவேன். தொழில் பழக்கம். துவைக்கக் குடுக்கும்போது காட்டணும்ல. இன்னும் குடுக்கல."

"ஐயா, தோள்ல ஊசி போடும்போது சட்டைய என்ன பண்ணாங்க?"

"கையச் சுருட்டி விட்டாங்க. பஞ்சால துடைச்சாங்க. அந்தச் சிஸ்டர் பொறுமையாத்தான் போட்டாங்க."

"அவ்வளவு பொறுமையாப் போட்டவங்க, தொடையில மட்டும் ஏன் துணி மேலயே குத்தினாங்க?"

தையல்காரர் பேண்டைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார்.

"ஒரு தடுப்பூசிய யாரும் பேண்ட் மேல போட மாட்டாங்க," என்றாள் தசமம். "உயிர் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் துணியக் கழட்டக்கூட நிக்காம குத்துவாங்க. அது தடுப்பூசி இல்ல. உங்கள இழுத்துப் பிடிச்ச மருந்து."

தையல்காரர் வட்டத்தை விரலால் தடவினார்.

"நான் அந்தம்மாவத் திட்டி எழுதிக் குடுத்திருக்கேன்," என்றார் கடைசியில். "ஆஸ்பத்திரில இருந்து இன்னிக்குக் காலைலதான் சொல்லி அனுப்பினாங்க. தப்பு மருந்து மேல இல்ல, சிஸ்டர் மேலதான், பயப்பட ஒண்ணுமில்ல, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அடுத்த டோஸ் போட வந்துடுங்க, வேற சிஸ்டர் போடுவாங்கன்னு."

சக்கரத்துக்கு நாக்கின் நுனியில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டான்.

"அதே மருந்தா?" என்றாள் தசமம்.

"அதேதான்."

பேண்டைக் கேட்டபோது தையல்காரர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். டோக்கன் இல்லாமல் அந்தக் கடையை விட்டு எந்தத் துணியும் வெளியே போகாதாம். தன் பேண்டுக்குத் தானே டோக்கன் எழுதி, பாதியைக் கிழித்துக் கொடுத்தார். "வட்டம் அழியாமப் பாத்துக்கங்க," என்றார்.

திரும்பி வந்தபோது மெஷின் பட்டியலைத் துப்பி முடித்திருந்தது. முகாம் நாளன்று ஆஸ்பத்திரி முழுக்கப் பதிவான கேஸ்கள் அத்தனையும் அதில் இருந்தன. ஆளின் பெயர் கிடையாது. ஒரு சுருக்க வரி, ஒரு குறியீடு, மூலையில் குறித்தவரின் எண். சுருக்க வரிகளை வார்டு குமாஸ்தா கேஸ் ஷீட்டைப் பார்த்துத் தட்டுவார். அதைப் பார்த்துத்தான் ஆவண அறை குறியீடு போடும்.

சிஸ்டரின் வரி அங்கே இருந்தது. 'அவசரமாகப் போட்ட ஊசியால் பிழை.' நேரம் எதுவும் இல்லை.

"பிழைன்னுதான் அண்ணி இருக்கு," என்றான் சக்கரம் சுரத்தில்லாமல்.

"அதுக்கு மேல இருக்கிற வரியப் படி."

"'நோயாளி இரவு உணவு சாப்பிட மறு.' மறுவா? எங்க மறு? கன்னத்துலயா?"

"கீழ?"

"'வலி குறைந்ததால் வீட்டுக்கு அனுப்.' இதென்ன அண்ணி, எழுதிக்கிட்டிருக்கும்போதே குமாஸ்தாவ யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டாங்களா?"

"எழுத்த எண்ணு. நடுவுல விட்ட இடத்தையும் சேத்து எண்ணு."

சக்கரம் விரல் விட்டு எண்ணினான். மறுவுக்குப் பத்தொன்பது. அனுப்புக்குப் பத்தொன்பது. விரல் சிஸ்டரின் வரிக்கு வந்தது. அதுவும் பத்தொன்பது.

"கட்டத்துக்குள்ள பத்தொன்பது எழுத்துதான் நிக்கும். மிச்சத்த மெஷின் வெட்டிடும்," என்றாள் தசமம். "சாப்பிட மறுத்தார். வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இப்ப சொல்லு, அவசரமாகப் போட்ட ஊசியால்?"

சக்கரம் விரலை அந்த வரியின் முனைக்கு நகர்த்தினான். "பிழைத்தார்," என்றான். "அந்த ஊசியாலதான் உயிர் பிழைச்சார்னு டாக்டர் எழுதியிருக்கார். மெஷின் வாலை நறுக்கி, காப்பாத்தினவங்களையே குத்தவாளி ஆக்கிடுச்சு. இத வெட்டுன மெஷினத் திட்டுறதா, வெட்டினது தெரியாம கண்ண மூடிக்கிட்டு ஒண்ணப் போட்ட அந்தப் புத்திசாலியத் திட்டுறதா? யார் அண்ணி அந்த மகராசன்?"

தசமம் தாளின் கீழ் மூலையைப் பார்த்தாள். பிறகு அந்த மூலையை மட்டும் உள்பக்கமாக மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். பதினெட்டு வருடமாக அவளை அண்ணி என்று கூப்பிடுகிறவன் அவன். அவள் காகிதத்தை மடித்து அவன் பார்த்ததே இல்லை. ஏன் என்று கேட்க நினைத்தான்.

"மணி ரெண்டே முக்கால்," என்றாள் அவள். "பேண்ட எடுத்துக்கோ."

முத்திரையின் அறையில் குளிர் அதிகம். ஒரு பக்கம் சிஸ்டர் நாற்காலி நுனியில், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் கடிதமும் திறந்த பேனாவும் தயாராக இருந்தன. அதற்கு நடுவில் சக்கரம் பேண்டை விரித்தபோது முத்திரை நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"என்னய்யா இது?"

"சாட்சி சார்," என்றான் சக்கரம். "கூண்டுல நிக்க வைக்கலாம்னா உள்ள ஆள் இல்ல."

தசமம் வட்டத்தைக் காட்டினாள். துணி மேல் குத்தியதைச் சொன்னாள். பட்டியலை எடுத்து, மூன்று வரிகளையும் எண்ணிக் காட்டினாள். முத்திரையும் தன்னை மறந்து உதட்டை அசைத்துக் கூட எண்ணினார். பத்தொன்பதில் நின்றார்.

"சரி," என்றார் கடைசியில். "அப்ப தப்பு சிஸ்டர் மேல இல்ல. குறியீடு போட்ட ஆள் மேல. உங்க செக்‌ஷன் ஆள்தானே? பேரச் சொல்லுங்க. கடிதத்துல பேர மாத்திடலாம்."

தசமம் பட்டியலைத் தன் பக்கம் திருப்பி, மடித்த மூலையைப் பிரித்தாள். குறித்தவர்: 7.

"ஏழு யாரு?"

"நான்," என்றாள் தசமம்.

மகராசன் என்று கேலி செய்தது சக்கரத்துக்கே சுருக்கென்று தைத்தது. சிஸ்டர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு நூத்து இருவது வரி. பேர் இருக்காது, முகம் இருக்காது. 'அவசரமாக'ன்னு பாத்தேன், 'பிழை'ன்னு பாத்தேன். கேஸ் ஷீட்ட எடுத்துப் பாக்கணும்னு தோணல. தோணியிருக்கணும். புள்ளிக்குப் பின்னால ஒரு இலக்கம்னு எல்லாரையும் மிரட்டுறவ நான். மன்னிச்சிடுங்க சிஸ்டர்."

முத்திரையின் முகத்தில் முதல் தடவையாக ஓர் இளக்கம் தெரிந்தது. "அட, நம்ம வீட்டுக்குள்ளயே முடிஞ்ச விஷயம். நீங்க இன்னிக்கே ஒண்ண அஞ்சாக்கிடுங்க. காரணம் எழுத வேண்டாம். சிஸ்டர் நாளைக்கு டூட்டிக்கு வரட்டும். யாரும் யாருகிட்டயும் பேச வேண்டாம். அடுத்த வாரம் பெரிய முகாம் இருக்கு. மருந்து ஒத்துக்கலன்னு மேல அறிக்கை போனா, விசாரணைக்கு வந்து உக்காந்துடுவாங்க."

"காரணம் எழுதாம மாத்த மாட்டேன்," என்றாள் தசமம். "அறிக்கையும் போகணும். தையல்காரரோட கோப்புல சிவப்பு எழுத்துல இந்த மருந்து ஆகாதுன்னு ஏறணும். நாளைக்குப் பத்து மணிக்கு அவரு திரும்பவும் கை நீட்டப் போறார், தெரியுமா உங்களுக்கு?"

"அதெல்லாம் பாத்துக்கலாம். முதல்ல உங்க நிலைமைய யோசிங்க. தப்பு உங்களோடதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

"என்னோடது ஒண்ணு. இன்னொண்ணு இருக்கு." தசமம் சிஸ்டரின் கடிதத்தை எடுத்தாள். "பத்து இருவத்திரெண்டுக்கு ரெண்டாவது ஊசின்னு எழுதியிருக்கீங்க. இந்த நேரம் எங்க இருந்து வந்துச்சு?"

முத்திரை ஈரத்துணியை எடுத்து ரப்பர் முத்திரை ஒன்றைத் துடைக்கத் தொடங்கினார்.

"பட்டியல்ல நேரம் இல்ல. தையல்காரருக்குக் கண்ணே தெரியல. சிஸ்டர் மணி பாக்கல. கடிகாரத்தப் பாத்து எழுதினவர் டாக்டர் மட்டும்தான், அதுவும் கேஸ் ஷீட்ல. அந்தப் பக்கத்தப் படிக்காம இந்த நேரத்த நீங்க எழுதியிருக்கவே முடியாது. அதே பக்கத்துலதான் அந்த வரியும் இருக்கு, முழுசா, வால் வெட்டுப்படாம." அவள் குரல் உயரவில்லை. "தப்பாப் படிச்சது நான். சரியாப் படிச்சிட்டு அலமாரியில வெச்சுப் பூட்டினது நீங்க. சாவி எங்க?"

முத்திரையின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பாதி வழியில் அதை நிறுத்தப் பார்த்தார். மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் நிறுத்த முடியவில்லை.

கேஸ் ஷீட்டைத் திறந்து படித்தவள் சிஸ்டர். டாக்டரின் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருந்தாலும் அந்த வரி தெளிவாகவே இருந்தது. '10.22. செவிலியர் அவசரமாகப் போட்ட ஊசியால் பிழைத்தார்.' குமாஸ்தா 'செவிலியர்' என்ற வார்த்தையை மட்டும் விட்டிருந்தார். சிஸ்டர் அதை இரண்டு தரம் படித்தாள். அப்போதுதான், அன்று காலை முதல் வராத கண்ணீர் வந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. துடைக்காமலே மேஜையிலிருந்த முத்திரையின் போனைத் தன் பக்கம் இழுத்து, கோப்பிலிருந்த எண்ணை அழுத்தினாள்.

"ஐயா, முகாம்ல உங்களுக்கு ஊசி போட்ட சிஸ்டர் பேசுறேன். நாளைக்கு ஊசிக்கு வராதீங்க. ஆமா, நான்தான் சொல்றேன். உங்களுக்கு அந்த மருந்து ஆகாது. டாக்டரப் பாத்துட்டு, அவர் சொல்றதுதான் இனிமே." கொஞ்ச நேரம் கேட்டாள். "பரவாயில்லங்க. நீங்க இருக்கீங்கல்ல, அது போதும்."

அவள் போனை வைத்துவிட்டு, கையெழுத்துப் போடாத கடிதத்தைத் திருப்பினாள். வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில், முத்திரையின் பேனாவாலேயே, மருந்து ஒவ்வாமை அறிக்கை என்று தலைப்பெழுதத் தொடங்கினாள்.

"இதுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிவரும்," என்றார் முத்திரை தசமத்திடம். "உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"நான் கேக்கவே இல்லையே," என்றாள் அவள்.

படி இறங்கி ஆவண அறைக்கு வந்ததும் அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஒன்றை அழித்தாள். ஐந்தை அடித்தாள். திருத்தத்துக்குக் காரணம் கேட்டு ஒரு கட்டம் திறந்தது. அதே சின்னக் கட்டம்.

சக்கரம் பேண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றான். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. "அண்ணி, அந்தப் புத்திசாலின்னு சொன்னது…" என்று இழுத்தான்.

"சரியாத்தான் சொன்ன," என்றாள் அவள். கட்டத்தில் தட்டினாள்: 'பிழை என்னுடையது. எண் ஏழு.'

"எண்ணிப் பாரு."

அவன் விரல் விட்டு, மெதுவாக, புள்ளிகளையும் விடாமல் எண்ணினான்.

"பதினேழு அண்ணி," என்றான். "வெட்டுப்படாது."

அவள் பொத்தானை அழுத்தினாள்.